மணக்கிற மரம்: எங்கே நடலாம், எத்தனை நடலாம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி ஆனைக்கொம்பன் ஈயைப் பற்றியதாக இருக்கும், மீதிப் பாதி பயிர்க் காப்பீடு பற்றியது. இந்த முறை அந்தக் கட்டுக்கு நடுவே, கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. சென்னை மேடவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் சொல்கிறேன்.

"ஐயா, எனக்கு வயது 71. செய்யாறு பக்கம் மூன்று ஏக்கரில் நெல்லும் மணிலாவும் பார்த்தவன். இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறேன். 2011-ல் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வாசலில் நானே ஓர் ஏழிலைப்பாலைக் கன்றை நட்டேன். வெயில் காலத்தில் குளிக்கிற தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றி வளர்த்தேன். இன்று மாடிக்கு மேலே நிற்கிறது. இரண்டு வருடமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ராத்திரி ஆனால் அந்த வாசனையில் பேத்திக்கு மூச்சு இரைக்கிறது என்று மருமகள் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தலைவலி என்று சொல்லி வெட்டச் சொல்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா, வெட்டினால் போலீசுக்குப் போவேன் என்கிறார். மகன் என் முகத்தைப் பார்க்கிறான், வாய் திறக்கவில்லை. நான் நட்ட மரமாம், நான்தான் முடிவு சொல்ல வேண்டுமாம். வேம்பும் புங்கமும் வைத்தவனுக்கு இந்த மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெட்டலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லவும்."

ஐயா, ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இதழில் உங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் அந்தக் கன்றை நட்ட காலத்தில், சென்னையைச் சுற்றி "ஏழிலைப்பாலை வையுங்கள்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஏன் அந்தக் கன்றைக் கொடுத்தோம்?

தெருவோரம் கன்று வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவது பெரிய வேலையில்லை, மாட்டிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் காப்பாற்றுவதுதான் வேலை. ஏழிலைப்பாலையில் அந்தத் தொல்லை இல்லை. எங்கே கிள்ளினாலும் பால் வடியும், கசக்கும், கால்நடை வாய் வைக்காது. வருடம் முழுவதும் பச்சையாக இருக்கும். தண்டு நேராகப் போகும். கிளைகள் அடுக்கடுக்காக விரிந்து குடை பிடித்ததுபோல் நிற்கும். முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் அப்புறம் தண்ணீர் கேட்காது. இலையில் கொப்புளம் கொப்புளமாக முடிச்சு வருமே, அது ஒரு சிறு பூச்சியின் வேலை. பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, அதனால் வளர்ந்த மரம் சாவதில்லை. இலக்கு வைத்துக் கன்று நடுகிற எந்த அலுவலருக்கும் இதைவிட வசதியான மரம் கிடைக்காது. அது பூத்தால் என்ன ஆகும் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. பூக்க ஏழெட்டு வருடம் ஆகும், அதற்குள் எங்களுக்கு இடமாறுதல் வந்துவிடும்.

மரத்தின் குணம்

பெயரில் ஏழு இலை இருந்தாலும் எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஏழு இருக்காது. ஒரு கணுவைச் சுற்றி ஐந்தும் இருக்கும், எட்டும் இருக்கும். வடமொழியில் சப்தபர்ணி. தாவரவியல் பெயர் அல்ஸ்டோனியா ஸ்காலாரிஸ். ஸ்காலாரிஸ் என்றால் பள்ளிக்கூடத்துக்கு உரியது. இதன் மெல்லிய மரத்தில் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்ததால் வந்த பெயர். மேற்கு வங்கத்துக்கு இதுதான் மாநில மரம். சாந்திநிகேதன் விஸ்வபாரதியில் பட்டமளிப்பு விழாவில் மாணவர்களுக்கு இந்த இலையைக் கொடுப்பது முன்பு வழக்கமாக இருந்தது. பட்டையைச் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேர்க்கிறார்கள். அதற்காக நீங்களாகப் பட்டையைச் செதுக்கிக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது மருத்துவர் வேலை.

இதன் மணம் கடுமை என்பது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமில்லை. வடமொழிக் காவியங்களில் இந்தப் பூவின் மணத்தை யானையின் மதநீருக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். கேரளத்தில் பாலை மரத்தில் யட்சி குடியிருக்கிறாள், இரவில் அதன் கீழே போகாதே என்பார்கள். ஆங்கிலத்திலும் இதைப் 'பிசாசு மரம்' என்றே சொல்கிறார்கள். பேயை விட்டுவிடுங்கள். பூத்திருக்கும்போது அதன் கீழே படுக்கக் கூடாது, தள்ளி நட வேண்டும் என்ற அனுபவம் அந்தப் பேச்சில் இருக்கிறது. கிராமத்தில் அது காட்டோரம் நின்றது. நாம்தான் படுக்கையறை சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம்.

இரவில் ஏன் அவ்வளவு மணக்கிறது? இந்தப் பூவுக்கு விருந்தாளி அந்துப்பூச்சி. இருட்டில் வருகிற பூச்சிக்கு நிறம் காட்டிப் பயனில்லை, வெளிர் பூவும் வாசனையும்தான் வழிகாட்டி. அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் மணத்தை அதிகம் விடும். பகலில் தரை சூடாகி, காற்று மேலே எழும்பிக் கலந்துவிடும். இரவில் காற்று அசையாது, குளிர்ந்து கீழே தங்கும். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருக்கி நிற்கிற தெருவில் அந்த மணம் கிணற்றில் தண்ணீர் நிற்பதுபோல் நிற்கும். வயல்வெளியில் நூறு அடி தள்ளி நின்று முகர்ந்தால் அதே பூ சுகமாக இருக்கும். பூவில் மாற்றமில்லை. அதைச் சுற்றியுள்ள காற்றுக்கு இடம் இல்லை.

நாற்பது கன்று வைத்த கதை

என் கதையைச் சொல்கிறேன். சென்னைப் புறநகரில் ஓர் அரசு ஊழியர் குடியிருப்பு. அங்கே சுற்றுச்சுவரை ஒட்டி நிழல் மரம் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே மாதிரி வரிசையாக இருந்தால் அழகு என்று நாற்பது ஏழிலைப்பாலைக் கன்றுகளைப் பத்தடிக்கு ஒன்றாக நானே நின்று நட்டுக்கொடுத்தேன். நாற்பதில் இரண்டுதான் செத்தன. பெருமையாகப் புகைப்படம் எடுத்து அலுவலகத்தில் மாட்டினோம்.

பத்து வருடம் கழித்து அதே குடியிருப்பில் எனக்கு வீடு ஒதுக்கினார்கள். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை விட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் முப்பத்தெட்டு மரமும் ஒன்றாக மணக்க ஆரம்பித்தது. முதல் நாள் என் மனைவி, "என்னங்க, ஏதோ கோயிலுக்குள்ளே இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாம் நாள் சன்னலைச் சாத்தினாள். ஒரு வாரத்தில் சோறு வேண்டாம், தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். கீழ் வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒரு பையன் இருந்தான். அவனை அந்த ஒரு மாதமும் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். "யார் சார் இந்த மரத்தையெல்லாம் வைத்தது?" என்று அந்தப் பையனின் அப்பா என்னிடமே கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள்தான் சொன்னேன்.

அதோடு முடியவில்லை. எங்களுக்கு முன்பே யாரோ ஒருவர், கேட்டால் அனுமதி கிடைக்காது என்று, ராத்திரியில் ஒரு மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டிருந்தார். மரம் நின்றபடியே காய்ந்தது. அடுத்த மழையில் ஒடிந்து மின்கம்பியில் விழுந்தது. ஆள் சேதம் இல்லை என்பது அன்றைய அதிர்ஷ்டம். திருட்டுத்தனமாகக் கொன்ற மரம் உயிருள்ள மரத்தைவிட ஆபத்தானது. அமிலம் ஊற்றுவது, துளை போட்டுப் பெருங்காயம் வைப்பது எல்லாம் இதே கணக்குதான்.

பிறகு எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, வரிசையில் மூன்றுக்கு ஒன்று மட்டும் விட்டு, மற்றவற்றை இரண்டு வருடத்தில் படிப்படியாக எடுத்தோம். எடுத்த இடத்தில் மகிழமும் புங்கமும் வைத்தோம். இப்போது அங்கே பன்னிரண்டு ஏழிலைப்பாலை இருக்கிறது. ஐப்பசியில் மணக்கிறது. யாரும் சன்னலைச் சாத்துவதில்லை. அந்தப் பன்னிரண்டும் முன்பிருந்த அதே மரங்கள்தான்.

உப்பு, யூரியா, வாசனை மூன்றுக்கும் ஒரே விதி. அளவு தப்பினால் நல்லது கெட்டதாகிவிடும்.

மற்ற ஊர்களிலும் இதே கதை

நாம் மட்டும் இந்தத் தவறைச் செய்யவில்லை. வியட்நாமில் இதைப் 'பால் பூ' என்பார்கள். தலைநகர் ஹனோயில் சில பழைய தெருக்களில் இந்த மரம் பெயர் பெற்றது. அந்த ஊரின் இலையுதிர்காலம் என்றாலே இந்த மணம்தான் என்று பாட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெருமையில் பல நகரங்களில் சாலை முழுக்க நட்டார்கள். கடைசியில் மக்கள் மூச்சுவிட முடியவில்லை என்று புகார் சொல்ல, தா நாங் நகரத்தில் மரங்களை அகற்றினார்கள். ஹனோயிலேயே ஏரிக்கரைச் சாலை ஒன்றில் இருந்தவற்றைப் பெயர்த்து, ஊருக்கு வெளியே குப்பைக்கிடங்குப் பக்கம் கொண்டுபோய் நட்டார்கள். பாட்டில் இருந்த மரம் குப்பைக்கிடங்குக்குப் போனது, அளவு தெரியாமல் நட்டதால். டெல்லியிலும் சாலையோரம் வரிசையாக நட்டுவிட்டு, அக்டோபர், நவம்பரில் இதே புகாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மகரந்தமா, மணமா?

மரத்தைக் குற்றம் சொல்லும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்றில் பறந்து மூக்கில் ஏறுகிற மகரந்தம் பெரும்பாலும் காற்றை நம்பிச் சூல்கொள்கிற செடிகளுடையது. புல் வகைகள், சவுக்கு போன்றவை அப்படி. பூச்சியை நம்புகிற ஏழிலைப்பாலையின் மகரந்தம் அந்த அளவுக்குக் காற்றில் மிதப்பதில்லை. ஆனால் கடுமையான வாசனையே சிலருக்குத் தலைவலியையும், ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இரைப்பையும் தூண்டும். ஊதுபத்திப் புகை, சென்ட், பெயின்ட் வாசனை சிலருக்கு ஆகாதே, அதுபோல. ஆகவே "பூ வாசனைக்கு இரைக்குமா, மனப்பிரமை" என்று உங்கள் மருமகளைச் சொல்லிவிட வேண்டாம். அதேபோல மழைக்காலத்தில் ஈரச் சுவரில் பூக்கிற பூஞ்சணம், கொசுவத்திப் புகை, சளிக் காய்ச்சல், எல்லாம் இதே மாதத்தில்தான் வருகின்றன. எது காரணம் என்று பார்க்காமல் மரத்தை வெட்டினால், மரமும் போய் இரைப்பும் நிற்காமல் போகலாம்.

பெரியவருக்கு என் பதில்

1. முதலில் குழந்தை, அப்புறம் மரம். நெஞ்சு மருத்துவரிடம் காட்டுங்கள். எழுதிக்கொடுத்த இன்ஹேலரைப் பூக்காலம் முடிந்ததென்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

2. ஒரு நோட்டில் குழந்தைக்கு இரைத்த நாட்களை மருமகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். மரம் பூத்திருந்ததா, மழையா, வீட்டில் யாருக்காவது சளியா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை. மருத்துவருக்கும் அது உதவும்.

3. குழந்தையின் படுக்கையை மரத்துக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். மரத்தைப் பார்த்த சன்னலைப் பொழுது சாயும் முன்பே சாத்திவிட்டு, காலையில் வெயில் ஏறியதும் திறக்கலாம். பூ உச்சத்தில் இருப்பது சில வாரங்கள்தான்.

4. இந்த மரம் கொப்பின் நுனியில்தான் பூங்கொத்து விடும். அதனால் அடுத்த வருடம் ஆடி, ஆவணியில், மொட்டு கட்டும் முன், வீட்டுப் பக்கம் இருக்கிற கிளைகளின் நுனியைக் கழித்துவிட்டால் அந்தப் பக்கம் பூ வெகுவாகக் குறையும். மழைக்கு முன் பாரமும் குறையும். தலையை மொட்டையடிக்க வேண்டாம். மொட்டையடித்த இடத்தில் கிளம்புகிற கொம்புகளுக்குப் பிடிப்பு இருக்காது, காற்றுக்கு ஒடியும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி பக்கம் நீங்களாக ஆளை ஏற்றாதீர்கள். தெருவோர மரம் என்றால் கிளை கழிக்கவும் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் செய்யுங்கள்.

5. இத்தனைக்குப் பிறகும் மருத்துவர் இந்தப் பூதான் காரணம் என்று சொன்னால், மரத்தை எடுத்துவிடுங்கள். குழந்தையின் மூச்சைவிடப் பெரியது எதுவும் இல்லை. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டோடு மனு கொடுங்கள். எதிர்வீட்டு அம்மாவிடமும் அந்தச் சீட்டைக் காட்டிப் பேசுங்கள். அவர் எதிரியில்லை. உங்கள் மரத்துக்காக வாதாடுகிற ஒரே ஆள் அவர்தான்.

6. எடுப்பதோ விடுவதோ எதுவானாலும், இந்த மழையிலேயே ஒரு மகிழங்கன்றை நட்டுவிடுங்கள். நிழல் இல்லாத வாசல் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

வாசலுக்கு எது, மைதானத்துக்கு எது?

பலரும் கேட்பதால் சென்னை போன்ற ஊருக்கு என் கணக்கைச் சொல்கிறேன்.

மகிழம்: வாசல் மரங்களில் முதல் இடம் இதற்குத்தான். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தல மரம். அடர்ந்த நிழல், இலை உதிர்ந்து மொட்டையாக நிற்காது. நட்சத்திரம் போன்ற சிறு பூ காலையில் உதிர்ந்து கிடக்கும். மணம் மென்மையாக இருக்கும், பூ காய்ந்த பிறகும் போகாது. மெதுவாக வளரும் என்பதுதான் குறை. சுவரிலிருந்து எட்டடி தள்ளி, கன்றுக்குக் கன்று இருபதடி.

பவழமல்லி: சிறு வீட்டுக்கு ஏற்றது. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். பத்தடி இடம் போதும். கிளை கழித்துச் சின்னதாகவே வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

செண்பகம்: பூவுக்கு விலையும் உண்டு, மணமும் உண்டு. ஆனால் கடுமையான மணம். வீட்டுக்கு ஒன்று, அதுவும் சன்னலிலிருந்து இருபதடி தள்ளி. வடிகால் இல்லாத களிமண்ணில் கருகிவிடும்.

மரமல்லி: நீளக் காம்புள்ள வெள்ளைப் பூ. இரவில் மணக்கும், காலையில் தெருவே வெள்ளையாக இருக்கும். மணம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மரம்தான் மெது, வேர் ஆழமில்லை. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்கள், மெதுவான மரத்தைக் கார் நிறுத்துமிடத்தில் வைக்க மாட்டார்கள். பூங்காவின் நடுவில் வையுங்கள்.

ஏழிலைப்பாலை: பெரிய மைதானம், கல்லூரி வளாகம், ஏரிக்கரை. வீட்டு சன்னலிலிருந்து ஐம்பதடிக்கு மேல் தள்ளி, ஒன்றோ இரண்டோ. வரிசையாக வேண்டாம். ஆஸ்பத்திரி, விடுதி, குழந்தைகள் பள்ளி ஓரத்தில் வேண்டவே வேண்டாம்.

நாற்றங்கால் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை

திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து சென்னைக்குக் கன்று அனுப்புகிற விவசாயிகள் நிறையப் பேர் இந்த இதழைப் படிக்கிறீர்கள். சீக்கிரம் வளர்கிறது, சாவதில்லை என்று ஒரே கன்றை ஆயிரக்கணக்கில் போடாதீர்கள். ஆர்டர் கொடுப்பவர் நூறு ஏழிலைப்பாலை கேட்டால் "எங்கே நடுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

மகிழம் விதையைப் பழச் சதை நீக்கிக் கழுவி ஊன்றுங்கள். முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், முளைக்கவில்லை என்று பாத்தியைக் கிளறிவிடாதீர்கள். செண்பக விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். பழம் வெடித்ததும் சிவப்புத் தோலைச் சாம்பலில் தேய்த்து நீக்கி, அந்த வாரமே விதையுங்கள். புன்னைக் கொட்டையின் ஓட்டைப் பருப்புக்குச் சேதமில்லாமல் உடைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். மரமல்லிக்கு விதை தேட வேண்டாம், தாய் மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பிரித்து வையுங்கள்.

இதை எழுதி அனுப்பும் முன் அந்தப் பெரியவரோடு போனில் பேசினேன். படுக்கையை மாற்றிய பிறகு பேத்தி இரண்டு இரவு நன்றாகத் தூங்கினாளாம். ஆனால் மருமகள் யோசித்துப் பார்த்து, போன சித்திரையிலும் ஒருமுறை இரைத்தது என்று சொன்னாளாம். அப்போது பூ கிடையாது. மருத்துவரிடம் வரும் திங்கட்கிழமை போகிறார்கள். முடிவை இன்னும் எடுக்கவில்லை. "அது கிடக்கட்டும் சார், மகிழங்கன்று எவ்வளவு உயரத்தில் வாங்கட்டும்?" என்று கேட்டார். நாலடிக்குக் குறையாமல் வாங்குங்கள், மூன்றடி குழி எடுங்கள் என்றேன்.

குறுங்கேள்விகள்

கேள்வி: எங்கள் தெருவில் மாசி, பங்குனியில் சாக்கடை நாற்றம் வருகிறது. கால்வாயை இரண்டு முறை சுத்தம் செய்தும் போகவில்லை. எதனால்? (வாசகி, சென்னை அடையாறு)

தலையைத் தூக்கி மரங்களைப் பாருங்கள். இலையில்லாமல், கிளை நுனியில் மங்கிய சிவப்புப் பூக்களோடு ஒரு பெரிய மரம் நின்றால் அது பீநாறி. குதிரைப்பிடுக்கு என்றும் சொல்வார்கள். ஈக்களை அழைப்பதற்காக அப்படி நாறுகிறது. பூ உதிர்ந்ததும் நாற்றமும் போய்விடும். உதிர்ந்த பூவைத் தினமும் பெருக்கி அள்ளிவிட்டால் பாதி குறையும். வளர்ந்த நிழல் மரம், சில வாரத்துக்காக வெட்ட வேண்டாம்.

கேள்வி: செண்பகம் வைத்து ஆறு வருடம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. மரம் ஆணா? (வாசகர், பூந்தமல்லி)

செண்பகத்தில் ஆண், பெண் என்று தனி மரம் இல்லை. விதைக் கன்று பூக்க எட்டு, பத்து வருடம்கூட ஆகும். ஒட்டுக்கன்று என்றால் இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். வெயில் படுகிறதா, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். யூரியாவை நிறுத்திவிட்டு மக்கிய தொழுவுரம் கொடுத்துக் காத்திருங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து முந்நூறு மீட்டரில் வீட்டுமனை. ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. மணமுள்ள மரம் வருமா? (வாசகர், திருவான்மியூர்)

புன்னை வையுங்கள். உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் பிறந்த மரம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரமும் அதுதான். வெள்ளைப் பூ, இதமான மணம், பளபளக்கும் இலை. பெரிதாகப் படரும், சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளுங்கள். முதல் இரண்டு வருடம் முடிந்தால் மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வாசலில், கார்கள் நிற்கும் இடத்தில் நாகலிங்க மரம் வைக்க விரும்புகிறோம். சரியா? (குடியிருப்போர் சங்கம், வேளச்சேரி)

பூ மணக்கும், அழகு. ஆனால் தண்டிலேயே பீரங்கிக் குண்டு போலக் கனமான காய் தொங்கும். காருக்கு மேல் விழுந்தால் கண்ணாடி போகும், தலையில் விழுந்தால் அதற்கு மேல். உடைந்த பழம் நாறும். கோயில் நந்தவனம், பூங்கா போன்ற இடத்தில், ஆள் உட்காராத பக்கமாக வைக்கலாம். உங்கள் வாசலுக்கு மகிழமே போதும்.

அடுத்த இதழில் சம்பாவில் ஆனைக்கொம்பன் பற்றிய கடிதங்களுக்கு வரிசையாகப் பதில் தருகிறேன். மரம் பற்றி எழுதுகிறவர்கள் இலை, பூ படத்தோடு, மரம் சுவரிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள்.